எத்தனையம்மா

அவள் என்றுதான் எழுதப்போகிறேன். எட்டு வருஷம் அவள் எதிரில் நின்று "சரிங்க சிஸ்டர், இதோ வரேன் சிஸ்டர்" என்று சொன்னது போதும். பேரையும் எழுதமாட்டேன். எழுதினால் யாராவது புண்ணியவதி அவளுக்காக ஜெபம் செய்து வைப்பாள். அந்தச் சலுகையும் வேண்டாம்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்பது உங்களுக்கு எதற்கு? அதில் பெண்கள் மெடிக்கல் வார்டு, முப்பது கட்டில். அந்த வார்டுக்கு அவள்தான் சிஸ்டர். அதாவது எங்களைப் போன்ற நர்சுகளையெல்லாம் ஆட்டிவைக்கிறவள். எழுபதுகளின் ஆரம்பத்தில் டிரெயினிங் முடித்த கையோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். குரோம்பேட்டையிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்துபோவேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தலையில் தொப்பி, நெஞ்சு நிறைய கருணை. ஊரில் அழுகிறவர்கள் கண்ணையெல்லாம் நானே துடைத்துவிடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

அவளுக்கு எத்தனையம்மா என்று பேர் வைத்தது வார்டு ஆயா முனியம்மா.

"அத்தோ, எத்தனையம்மா வந்துகினு கீது. பெட்ஷீட்டை இழுத்து வுடு நர்சம்மா, இல்லாங்காட்டி பேஜாராப் பூடும்."

பேர் வந்த காரணம் இதுதான். வீட்டில் சண்டை என்றால், அவமானம் என்றால், கையில் அகப்பட்ட மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிற பெண்கள் மாதத்தில் ரெண்டு மூன்று பேராவது எங்கள் வார்டில் இருப்பார்கள். பம்மலிலிருந்து, சேலையூரிலிருந்து, பல்லாவரத்திலிருந்து ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி ஒருத்தி வந்தால் மனுஷ ஜென்மமாகப் பிறந்த யாரும் என்ன கேட்போம்? "ஏன்மா இப்படிப் பண்ணே?" என்றுதானே கேட்போம். டாக்டர் கேட்பார், நான் கேட்பேன், முனியம்மா கேட்பாள், பக்கத்துக் கட்டிலில் ஆஸ்துமாவோடு இழுத்துக்கொண்டிருக்கிற பாட்டி கூடக் கேட்பாள். அவள் ஒருத்திதான் கேட்கமாட்டாள்.

"எத்தனை?" என்பாள். "எப்போ?" என்பாள். அவ்வளவுதான். இந்த ரெண்டுக்கும் பதில் வந்தபிறகு அந்தப் பெண் கதறினாலும் சரி, கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாலும் சரி, அவள் காதில் ஒன்றும் விழாது.

ஒரு தடவை நான் வாயை அடக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "ஏன்னு ஒரு வார்த்தை கேட்டா அந்தப் பொண்ணுக்கு ஆறுதலா இருக்குமே சிஸ்டர்?"

"ஏன்னு கேட்டா அவ ஒரு கதை சொல்லுவா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "கதைக்கு இங்க மருந்து கெடையாது. எண்ணிக்கைக்குத்தான் மருந்து இருக்கு. போய் வேலையப் பாரு."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இவளெல்லாம் எதற்கு நர்ஸ் வேலைக்கு வந்தாள், மார்க்கெட்டில் முட்டை எண்ணப் போயிருக்கலாமே என்று நினைத்தேன்.

எண்ணாத பொருளே கிடையாது அவளுக்கு. தலையணை உறையை எண்ணுவாள். நோயாளி தின்ற இட்லியை எண்ணுவாள், மிச்சம் வைத்ததையும் எண்ணுவாள். முனியம்மா வெற்றிலை போட எத்தனை தடவை வெளியே போனாள் என்பதும் கணக்கில் இருக்கும். எங்கள் அப்பா இறந்துபோனபோது நான் பத்து நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மற்ற நர்சுகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மேஜையிலிருந்தபடியே கேட்டாள்.

"எத்தனை மணிக்குப் போனார்?"

"காலையில ஆறே முக்காலுக்கு, சிஸ்டர்."

தலையை ஆட்டினாள். "நாலாம் நம்பர் கட்டிலுக்கு டிரிப் மாத்தணும், போ" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவள் வீட்டில் யாரும் சாகவே மாட்டார்களா என்று வாய்விட்டுச் சபித்தேன். அவளுக்கு வீடு என்று ஒன்று கிடையாது, நர்சுகள் குவார்ட்டர்சில் ஒற்றை அறைதான் என்பது தெரிந்தும் சபித்தேன்.

இனி அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

பழைய பிஸ்கட் டப்பா. அது நிறைய வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு டெய்லர் கடையில் வாங்கி வந்து, லோஷனில் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தாள். மாத்திரை விழுங்கிவிட்டு வருகிற பெண்கள் எண்ணிக்கை சொல்லமாட்டார்கள். "ஒரு கை" என்பார்கள். "கொஞ்சம்" என்பார்கள். "தெரியல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உடனே அவள் டப்பாவைத் திறந்து மடியில் வைப்பாள்.

"எத்தனை முழுங்கினியோ அத்தனை எடுத்து என் கையில போடு."

முப்பது கட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெண் பொத்தானை அள்ளிப் போடுவாள். இவள் ஒவ்வொன்றாக எண்ணுவாள். சில பேர் பாதியில் நிறுத்திவிட்டு அழுவார்கள். "அழுதுகிட்டே போடு" என்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையை என் காதால் கேட்டிருக்கிறேன். போலீஸ்காரன் கூட அப்படிப் பேசமாட்டான்.

போலீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் இப்படி வந்தால் போலீசுக்கு எழுதி அனுப்பவேண்டும். ஏட்டு சைக்கிளில் வருவார், வாக்குமூலம் வாங்குவார், தெருவுக்கே தெரிந்துவிடும். கல்யாணமாகாத பெண் என்றால் அவள் கதை அதோடு முடிந்தது. அதனால் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. நல்ல குடும்பம், பாவப்பட்ட பெண் என்றால் கேஸ் ஷீட்டில் "காய்ச்சல், வாந்தி" என்று எழுதிவிடுவோம். டாக்டர்களும் கண்டும் காணாமல் இருப்பார்கள். இதைக் கருணை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் வார்டில் இருந்தால் மட்டும் இது நடக்காது. சிவப்பு மையில் எழுதி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிடுவாள். அவள் காலில் விழுந்த அப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். காலை நகர்த்திக்கொண்டு நடப்பாள்.

காய்ச்சல் மாத்திரை விஷயம் எழுபதுகளின் நடுவில்தான் எங்கள் வார்டுக்கு வந்தது. பாரசிட்டமால் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஜனங்களுக்கு அது காய்ச்சல் மாத்திரை. பெட்டிக்கடையில் கிடைக்கும், குழந்தைக்குக் கூட உடைத்துக் கொடுப்பார்கள். அதில் யாருக்குப் பயம் இருக்கும்? இங்கிலாந்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த எங்கள் பெரிய டாக்டர் ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்து டீ குடிக்கும்போது சொன்னார்.

"சிஸ்டர், இது ரொம்ப மோசமான மாத்திரை. அளவுக்கு மேல போட்டா முதல் நாள் வெறும் வாந்திதான். ரெண்டாம் நாள் எழுந்து உக்காந்து சிரிப்பா. நாம வீட்டுக்கு அனுப்பிடுவோம். மூணாம் நாள், நாலாம் நாள் ஈரல் போயிடும். இதுவரைக்கும் எத்தனை பேரை நாம மஞ்சள் காமாலைன்னு எழுதி அனுப்பினோமோ, கடவுளுக்குத்தான் தெரியும்."

"மருந்து?" என்று கேட்டாள்.

"மெத்தியோனின்னு ஒண்ணு. ஈரலுக்குக் குடுக்கற மாத்திரைதான், நம்மகிட்டயே இருக்கு. பத்து மணி நேரத்துக்குள்ள குடுத்துட்டா ஈரல் தப்பிச்சுக்கும். அதுக்கப்புறம் குடுத்துப் பிரயோஜனம் இல்ல."

மறுநாளே மருந்து அலமாரிக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அவளுடைய குச்சி குச்சியான கையெழுத்து. "காய்ச்சல் மாத்திரை. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் நன்றாக இருப்பாள். நம்பாதே."

நம்பாதே! ஒரு நர்ஸ் எழுதுகிற வார்த்தையா இது? நானும் இன்னொரு நர்சும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். "இது மாத்திரைக்கு இல்லடி, அவ கல்லறைக்கு எழுதி வச்சிருக்கா" என்றேன்.

அவள் செய்ததில் பலன் இல்லையா என்றால், இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. ரயில்வே குவார்ட்டர்சிலிருந்து ஒருத்தி வந்தாள். ரெண்டு குழந்தைக்காரி. புருஷன் கூடவே நின்றுகொண்டு "தலைவலிக்கு ரெண்டே ரெண்டு போட்டா சிஸ்டர்" என்று கையை உதறிக்கொண்டு பேசினான். இவள் அவன் மூஞ்சியைக் கூடப் பார்க்கவில்லை. "பாட்டிலை எடுத்துட்டு வா" என்றாள். "தூக்கிப் போட்டாச்சே" என்றான். "குப்பையில இருந்து எடுத்துட்டு வா." சைக்கிளை மிதித்துப் போய் எடுத்து வந்தான். டப்பாவும் பாட்டிலும் ஒரே எண்ணிக்கையைச் சொல்லின. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம், டாக்டரை அழைத்து மெத்தியோனின் கொடுத்தோம், ஏட்டும் வந்தார். ஒரு வாரம் வைத்திருந்து கண்ணையும் மூத்திரத்தையும் தினம் பார்த்து அனுப்பினாள்.

போகிற அன்றைக்கு அந்தப் பெண் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என் மானத்தை வாங்கிட்டியே பாவி, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினாள். எத்தனையம்மா மேஜையில் உட்கார்ந்து தெர்மாமீட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. என் மனசில் இருந்ததைத்தானே அவள் கத்திவிட்டுப் போனாள்!

விமலா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு. ஞாயிறு என்றால் எத்தனையம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம்தான் வருவாள், அதுவரை வார்டு என் பொறுப்பு. விமலா, பம்மலில் தோல் பதனிடுகிற ஷெட்டில் வேலை செய்கிறவரின் மூத்த மகள். இருபது வயசு இருக்கும். குரோம்பேட்டையில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "காச்சல் நர்சம்மா, விடாம வாந்தி" என்றாள். நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விமலாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்மா?" என்றேன்.

அவ்வளவுதான். உடைந்துவிட்டாள்.

"என்னைப் பொண்ணு பாக்கத்தான் வந்தாங்க அக்கா. சொஜ்ஜி நான்தான் பண்ணேன். அதைத் தின்னுகிட்டே சின்னவளைக் குடுக்கறீங்களான்னு கேட்டாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுகிட்டிருந்தேன். அப்பா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல அக்கா. சரின்னுட்டார்."

விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்த பாட்டிலை எடுத்திருக்கிறாள். "பாட்டில்ல இருந்ததைப் போட்டுட்டேன்" என்றாள். "ஆனா எல்லாம் வாந்தியில வந்துடுச்சுக்கா. இப்போ நல்லா இருக்கேன். புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன். போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. தங்கச்சி கல்யாணம் நின்னுபோனா நான் எப்படி அந்த வூட்ல இருப்பேன்?"

வெளியே வந்தால் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா, காச்சல் மாத்திரைதானே, விஷமா இன்னா? சின்னவளுக்கு தை மாசம் கல்யாணம். அந்தம்மா வந்தா டப்பாவை எடுத்துகினு வருமாமே, எல்லாரும் சொல்றாங்க. நீதான் காப்பாத்தணும்."

நான் காப்பாற்றினேன். காய்ச்சல், வாந்தி, வீட்டில் ரெண்டு மாத்திரை போட்டிருக்கிறாள் என்று டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் சின்னப் பையன், நான் சொன்னதை அப்படியே எழுதினார். அலமாரிக் கதவில் இருந்த அட்டை என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. இது அந்தக் கிழவியின் சந்தேகப் புத்தி, எல்லாம்தான் வாந்தியில் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

விமலாவிடம் எத்தனை என்று நான் கேட்கவேயில்லை. கேட்கக்கூடாது என்று வைராக்கியம். அந்தக் கேள்வி எத்தனையம்மாவுடையது. நான் அவளைப் போல இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு பைபிளும் கையுமாக வந்தாள். புதுக் கட்டிலைப் பார்த்தாள். கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். பைபிளை வைத்துவிட்டு நேரே டப்பாவின் மேல் கையை வைத்தாள்.

"எத்தனை?"

"ரெண்டுதான் சிஸ்டர். காய்ச்சலுக்குப் போட்டிருக்கா."

"யார் சொன்னது?"

"நான் விசாரிச்சேன்."

"எத்தனைன்னு நீ கேட்டியா?"

"கேட்டேன் சிஸ்டர்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டப்பாவின் மேலிருந்து கையை எடுத்தாள். "சரி" என்றாள்.

கூட வருகிற புருஷனை நம்பாதவள், அம்மாவை நம்பாதவள், நோயாளியின் சிரிப்பைக்கூட நம்பாதவள், அன்றைக்கு என்னை நம்பினாள். எட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் டப்பா திறக்கப்படவில்லை. விழுங்கி ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. அலமாரி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் விமலாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன்.

திங்கட்கிழமை விமலா எழுந்து உட்கார்ந்து மூன்று இட்லி தின்றாள். ஆஸ்துமாப் பாட்டிக்கு தந்தி பேப்பரிலிருந்து கதை வாசித்துக் காட்டினாள். தங்கச்சிக்குத் தானே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கப்போவதாக என்னிடம் சொன்னாள். "பாத்தீங்களா சிஸ்டர், நல்லா இருக்கா, அனுப்பிடலாமா?" என்று நான் கேட்டதற்கு அவள் "ரெண்டுதானே?" என்று மறுபடியும் கேட்டாள். "ரெண்டுதான்" என்றேன். "நாளைக்குப் பாத்துட்டு அனுப்பலாம்" என்றாள். சனியன், நல்லா இருக்கிறவளைக் கூட விடமாட்டாள் என்று முனியம்மாவிடம் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள் விமலா. புதன்கிழமை காலையில் அவள் கண் மஞ்சள்.

"காமாலைதான்" என்றாள் அம்மா. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி கூட வந்துவிட்டது, தெரிந்த வியாதியாயிற்றே. "பம்மல்ல ஒருத்தர் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறாரு. மூணு நாள்ல எறங்கிடும். இட்டுகினு போறோம் நர்சம்மா."

எத்தனையம்மா விமலாவின் இமையை விரலால் விரித்துப் பார்த்தாள். மேஜைக்குப் போனாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எத்தனை முழுங்கினியோ அத்தனை எடுத்துப் போடும்மா."

விமலா என்னைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிரிப் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விமலா டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒரு தடவை அள்ளிப் போட்டாள். இன்னொரு தடவை. மறுபடியும் விட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் எடுத்தாள். அவ்வளவும் எத்தனையம்மாவின் உள்ளங்கையில் கொள்ளாமல் சேலை மடியில் விழுந்தது. ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்குத் தெரியும், போதும்.

எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"நீ கேட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"மாத்திரை போட்டது உனக்கு எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை. காலையில ஒம்பதரைக்கு."

கேஸ் ஷீட்டைத் திறந்தாள். எண்ணிக்கையை எழுதினாள். எப்போ என்று விமலாவிடம் கேட்டு ஐந்து மணி என்று எழுதினாள். ஒன்பதரை என்று எழுதி என் பேரையும் எழுதினாள். பேனாவை மூடினாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். பெரிய டாக்டர் வந்து ஷீட்டைப் படித்தார். அலமாரிப் பக்கம் பார்த்தார். "இப்போ அதைக் குடுத்து ஒண்ணும் இல்ல, சிஸ்டர்" என்றார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், ரத்தம் உறைவதற்கு ஊசி எழுதினார். அவரால் முடிந்ததைச் செய்தார்.

விமலாவின் அம்மா எத்தனையம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான்தாம்மா சொல்லச் சொன்னேன். ரெண்டுன்னு நான்தான் சொல்லச் சொன்னேன். அந்தப் பொண்ணைத் திட்டாதே."

"நீங்க சொன்னதை நான் நம்பல" என்றாள். "நர்ஸ் சொன்னதைத்தான் நம்பினேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது எனக்கு. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை பாருங்கள். பக்கத்தில் நான் நிற்க, அந்த அம்மாவிடம் சொன்னாள். அப்படி ஒரு குரூரம்.

வியாழக்கிழமை விமலாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. என்னைத் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு "ஜாக்கெட்டுக்கு அளவு குடுடி" என்றாள். சாக எனக்கு இஷ்டமில்லை என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னாள். அதை நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் போய்விட்டாள். ஏட்டு சைக்கிளில் வந்தார். தெருவுக்கே தெரிந்தது. தை மாசத்துக் கல்யாணம் நின்றுபோனது. நான் காப்பாற்றியதில் ஒன்று கூட மிச்சமில்லை.

மேட்ரன் ஆபீசில் விசாரணை. எத்தனையம்மா கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எண்ணிக்கையையும் நேரத்தையும் படித்தாள். மேட்ரன் கேட்டார்: "இந்த நர்சுப் பொண்ணு ஏன் மறைச்சா சிஸ்டர்? நீங்க கேக்கலயா?"

"கேக்கல" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

என்னை வார்டிலிருந்து ஊசி போடுகிற அறைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. அவள் சொன்னதால்தான் போகவில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. இருக்கலாம். அதற்காக நான் அவள் காலைக் கழுவிக் குடிக்கவேண்டுமா?

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விதான். ஏன்டி மறைச்சே? கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் சிஸ்டர், அந்த அம்மா என் காலில் விழுந்தாள் சிஸ்டர், நீங்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன் சிஸ்டர், உங்களைப் போல ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன் சிஸ்டர். எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கொட்டிவிட்டு அவள் காலிலேயே விழுந்து அழுதிருப்பேன். ஊசி அறை வாசலைத் தாண்டித்தான் தினமும் அவள் சாப்பிடப் போவாள். தினமும் நிமிர்ந்து பார்ப்பேன். ஒருநாள் கூட நிற்கவில்லை.

அவள் ரிட்டயர் ஆன பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். தாம்பரம் ஸ்டேஷனில், சாயங்கால வெயிலில், கையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. கிட்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். எத்தனையோ வருஷமாகப் பாடம் பண்ணி வைத்திருந்த பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"பீச் வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலு பத்துக்கு, சிஸ்டர்."

தலையை ஆட்டிவிட்டுப் பெண்கள் பெட்டி நிற்கிற இடத்துக்கு நடந்து போனாள். வண்டி வந்தது, ஏறிப்போனாள். சிஸ்டர் என்று ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள் முனியம்மா குரோம்பேட்டைக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"விஷயம் தெரியுமா நர்சம்மா? எத்தனையம்மா பூட்ச்சு."

நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். இறக்கி வைத்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன், எப்படின்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ?" என்றாள்.

நான் கேட்கவில்லை.